எபிசோட் 41: ஒரு மில்லிமீட்டர் மெர்க்குரி

(ஒலிப்பதிவின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு டெக் கிடையாது, ஸ்டார்ட்அப் கிடையாது. 21 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் காரைப் பத்திப் பேசப்போறேன். நாலு மாசம் என்னோட சாயங்காலத்தை எல்லாம் சாப்பிட்ட கார். என் ரூம்மேட்டுக்கு இன்னும் கோபம் போகலை. ஏன்னா அந்தக் காரை முதல்ல வெச்சது ஃப்ரீஸர்ல, அவனோட பரோட்டா பாக்கெட்டுக்கு மேல.

கதைக்கு வர்றேன். ரெகுலரா கேக்குறவங்களுக்குத் தெரியும், பிப்ரவரி கடைசி வரைக்கும் நான் ஆன்சைட்ல இருந்தேன். அமெரிக்காவுல மிச்சிகன், டெட்ராய்ட் பக்கத்துல ட்ராய்னு ஒரு ஊர். கார் கம்பெனிகளை நம்பி வாழ்ற ஊர், அதனாலயே நம்ம ஆளுங்களும் நிறைய. எங்க அபார்ட்மென்ட்ல கீழ் வீட்டுல ஒரு பெரியவர். பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டார், அதனால பெரியவர்னே சொல்றேன். 70 தாண்டிட்டார். வாழ்க்கை முழுக்க டை மேக்கர். கதவு, பானெட்டு மாதிரி கார் பாடி பார்ட்டை எல்லாம் தகட்டுல அழுத்தி எடுக்கிற அச்சு இருக்கு இல்லையா, அதைச் செய்றவர். இப்போ அவருக்குக் கை நடுங்குது. காபி கப்பை ரெண்டு கையாலதான் பிடிப்பார்.

அக்டோபர்ல ஒரு நாள் அவர் வீட்டுக்கு மளிகைப் பை தூக்கிக் கொடுக்கப் போனேன். நான் கன்ப்ளா ரோபோ எல்லாம் ஒட்டுவேன்னு பேச்சுவாக்குல சொன்னேன். உள்ள போயி ஒரு ஷூ டப்பாவை எடுத்துட்டு வந்தார். திறந்தா, கறுப்பா ஒரு காரோட பிணம். இந்த ஹாபியில இதுக்கு ஒரு பேரே உண்டு, 'க்ளூ பாம்'. அதாவது, சின்னப் பசங்க ட்யூப் ட்யூபா பசையைப் பிதுக்கி ஒட்டி, பிரஷ்ஷால தடிமனா பெயின்ட் அடிச்சு நாசம் பண்ணின பழைய மாடல். 1966-ல, அவருக்கு 13 வயசுல, அவரே ஒட்டினது. "உன்னால இதைத் திரும்ப நிக்க வைக்க முடியுமா?"ன்னு கேட்டார். நான் யோசிக்காம முடியும்னுட்டேன். ஸ்பிரின்ட் பிளானிங்ல பண்ற அதே தப்பு.

அந்தக் கார் 1949 மாடல் மெர்க்குரி. ஃபோர்டோட கிளை பிராண்டா இருந்தது. 1955-ல வந்த 'ரெபெல் விதவுட் எ காஸ்' படத்துல ஜேம்ஸ் டீன் ஓட்டுவாரே, அதே மாடல்தான். பிளாஸ்டிக் கிட்டைச் செஞ்சது ஏஎம்டி. விரிச்சுச் சொன்னா 'அலுமினியம் மாடல் டாய்ஸ்'. 1948-ல ஆரம்பிச்ச கம்பெனி. கார் ஷோரூம்ல கஸ்டமருக்குக் காட்டுறதுக்காகவும், குழந்தைங்க கையில கொடுக்கிறதுக்காகவும் புது கார்களோட குட்டி மாடலைச் செஞ்சுக் கொடுக்கிறதுதான் அவங்க ஆரம்ப பிசினஸ். 1958-ல அதே அச்சை வெச்சு, நீங்களே ஒட்டிக்கிற கிட்டா விக்க ஆரம்பிச்சாங்க. '3 இன் 1'னு பேர். ஒரே டப்பாவுக்குள்ள மூணு விதமா செய்றதுக்கு பார்ட்ஸ் இருக்கும். ஷோரூம்ல வர்ற மாதிரியே செய்யலாம், ரேஸ் காரா செய்யலாம், இல்லைன்னா 'கஸ்டம்' காரா செய்யலாம்.

இதுல எனக்குப் புல்லரிச்ச விஷயம் ஒண்ணு. அந்தப் பழைய டப்பாக்கள்ல போட்டிருக்கிற ஊர் ட்ராய், மிச்சிகன். ஈஸ்ட் மேப்பிள் ரோடு. நான் வாரம் தவறாம இட்லி அரிசி வாங்கப் போற ரோடு அது! கம்பெனி இப்போ அங்க இல்லை. 1978-ல மேட்ச்பாக்ஸ் கார் பண்ணின இங்கிலாந்து கம்பெனி லெஸ்னி வாங்குச்சு, அப்புறம் எர்ட்ல், இப்போ அந்தப் பேர் ரவுண்ட் 2 கிட்ட இருக்கு.

சரி, 'கஸ்டம்'னா என்னன்னு சொல்லிடறேன், இல்லைன்னா மிச்சக் கதை புரியாது. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சதுக்கு அப்புறம் கலிஃபோர்னியாவுல பசங்க சாதாரணக் காரை வாங்கி, வெட்டி, இழைச்சு, தரையோட ஒட்டி ஊர்ற மாதிரி மாத்த ஆரம்பிச்சாங்க. கதவுக் கைப்பிடியைப் பிடுங்கி ஓட்டையை அடைச்சிடுவாங்க, ஹெட்லைட்டை பாடிக்குள்ள புதைப்பாங்க. அடைக்கிறதுக்கு ஈயத்தை உருக்கி ஊத்துவாங்க, அதனால இந்த வண்டிக்கெல்லாம் 'லெட் ஸ்லெட்'னு பேர். ஈயச் சறுக்கு வண்டி. நம்ம ஊர் டிங்கரிங் ஷெட்ல பட்டி பார்க்கிறோமே, அதே வேலைதான். என்ன, நாம இடிச்ச வண்டியைப் பழைய மாதிரி ஆக்குறதுக்குப் பார்க்கிறோம். அவங்க நல்லா இருக்கிற வண்டியை வேற மாதிரி ஆக்கினாங்க.

இதுல ராஜா யாருன்னா ஜார்ஜ் பாரிஸ், சாம் பாரிஸ்னு ரெண்டு சகோதரர்கள். பாப் ஹிரோஹாட்டாங்கிற ஜப்பானிய அமெரிக்க இளைஞருக்காக 1952-ல ஒரு 1951 மெர்க்குரியை மாத்திக் கொடுத்தாங்க. மேல வெளிர் பச்சை, கீழ அடர் பச்சை. 'ஹிரோஹாட்டா மெர்க்'னு கூகுள் பண்ணிப் பாருங்க. 2022-ல ஏலத்துல 20 லட்சம் டாலருக்கு மேல போச்சு. நான் அந்தப் போட்டோவை வால்பேப்பரா வெச்சிருக்கேன், வெட்கமே இல்லாம.

இந்த மாதிரி வண்டியில முக்கியமான வெட்டு 'சாப்'. கூரையைத் தாங்குற தூண்கள்ல இருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துட்டு, கூரையைக் கீழ இறக்கி வெல்டு பண்றது. கேக்க சுலபமா இருக்கு. பிரச்சினை என்னன்னா, மெர்க்குரியோட தூண்கள் நேரா நிக்காது, மேல போகப் போக உள்பக்கமா சாயும். நடுவுல ஒரு துண்டை எடுத்தீங்கன்னா மேல் பாதியும் கீழ் பாதியும் ஒண்ணோட ஒண்ணு சேராது. முன் தூணைச் சாய்க்கணும், கூரையைக் கொஞ்சம் நீட்டணும், பின் கண்ணாடியை வெட்டாம அப்படியே முன்னாடி படுக்க வைக்கணும். பெரிய பெரிய ஆளுங்களே திணறின வேலை.

நம்ம 13 வயசுப் பையன், 1966-ல, சமையலறை மேஜையில உக்காந்து, அதை 1/25 சைஸ்ல பண்ணியிருக்கான். டப்பாவுல வந்தது சாதாரண உயரமான கூரை. இவன் சூடு பண்ணின கத்தியால அறுத்து இறக்கியிருக்கான். ஷூ டப்பாவுக்குள்ள நான் பார்த்தது அதைத்தான். பார்த்த உடனே ஒண்ணு தெரிஞ்சது. கூரை கோணல். இடது பக்கம் 4 மில்லிமீட்டர் இறங்கியிருக்கு, வலது பக்கம் 3 தான்.

இங்க ஒரு கணக்கு சொல்றேன், ஞாபகம் வெச்சுக்கோங்க. ஒரு இன்ச் 25.4 மில்லிமீட்டர். 25-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 1. அதாவது 1/25 மாடல்ல 1 மில்லிமீட்டர் தப்புன்னா நிஜக் கார்ல ஒரு இன்ச் தப்பு.

வேலையை ஆரம்பிச்சேன். முதல் நாள் ஃப்ரீஸர். பழைய ட்யூப் பசை வருஷம் ஆக ஆக நொறுங்குற பதத்துக்கு வந்துடும், குளிர வெச்சா இன்னும் நொறுங்கும். சில மணி நேரம் வெச்சு எடுத்து லேசா முறுக்கினா, ஒட்டு 'டக்'னு விட்டுடும். பம்பர், சீட், அடிச்சட்டம் எல்லாம் அழகா கழண்டுச்சு. அன்னைக்கு ராத்திரிதான் ரூம்மேட் கதவைத் தட்டி, "மச்சி, ஃப்ரீஸர்ல கார் இருக்குடா"ன்னான். இருக்குடா, தெரியும்டான்னேன்.

சக்கரத்தைப் பார்த்தா வேற ஒரு கொடுமை. அந்தக் காலத்து டயர் மெத்துனு இருக்கிற வினைல். அதை மெதுவாக்குறதுக்குச் சேர்க்கிற ரசாயனம் வருஷக்கணக்கா வெளிய கசிஞ்சு, தொட்டுட்டு இருக்கிற பிளாஸ்டிக்கை உருக்கிடும். நாலு சக்கரத்துலயும் டயர் உக்கார்ற இடம் மெழுகு மாதிரி ஆயிருந்துச்சு. அதைத் தூக்கிப் போட்டுட்டு வேற கிட்டுல இருந்து எடுத்தேன். டயரும் சக்கரமும் தொடுற இடத்துல இப்போ பெயின்ட் அடிச்சு ஒரு தடுப்பு வெச்சிருக்கேன்.

அடுத்து பெயின்ட் உரிக்கணும். கடையில ஊதா கலர்ல ஒரு டிகிரீசர் கிடைக்கும். க்ளவுஸ் போட்டுக்கிட்டு பாடியை அதுக்குள்ள மூழ்க வெச்சுட்டா பெயின்ட் தோல் மாதிரி கழண்டு வரும், பிளாஸ்டிக்குக்கு ஒண்ணும் ஆகாது. பம்பர்ல இருக்கிற க்ரோமும் நிமிஷக் கணக்குல போயிடும். அது ஒண்ணும் நிஜ க்ரோம் இல்லை, வெற்றிடத்துல ஆவியாக்கின அலுமினியத்தோட ஒரு மெல்லிய படலம் அவ்வளவுதான். பாடியைப் போட்டேன். கறுப்பு உரிஞ்சுது, உள்ள சிவப்பு. சிவப்புக்குக் கீழ வெளிர் பச்சை! 13 வயசுப் பையன் ஹிரோஹாட்டா பச்சைதான் முதல்ல அடிச்சிருக்கான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். இன்னும் ஒரு நாள் ஊறட்டும்னு விட்டுட்டு ஆபீஸ் வேலையில மூழ்கிட்டேன். ரிலீஸ் வாரம் அது. ஒரு நாள் மூணு நாள் ஆயிடுச்சு.

வந்து மூடியைத் திறந்தா கூரை தனியா மிதக்குது.

அந்தப் பையன் தூண்களை ஒட்டினது பாதி பசை, பாதி பட்டி. பட்டியும் பெயின்ட்டும் கரைஞ்சு போனதும் பிடிச்சுக்க ஒண்ணுமே இல்லை. ஆறு துண்டா வந்துடுச்சு. கை கால் எல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு எனக்கு. ப்ரொடக்‌ஷன் டேட்டாபேஸை அழிச்சவனைக் கேளுங்க, அவன் சொல்வான் அந்த ஃபீலிங்கை. அதுக்காவது பேக்அப் இருக்கும். இது அந்த மனுஷன் இத்தனை வருஷமா வீடு வீடா மாறும்போதெல்லாம் தூக்கிட்டு வந்த பொருள். அந்த வெட்டுதான் அவர் அதுல பண்ணின வேலையே, மிச்சமெல்லாம் ஃபேக்டரி பண்ணினது.

துண்டுகளைக் கழுவும்போது இன்னொண்ணு கவனிச்சேன். ஒவ்வொரு தூணுக்குள்ளயும் துருப்பிடிச்ச ஒரு சின்னக் கம்பி. குண்டூசி! தலையை வெட்டிட்டு, சூடு பண்ணி, மேல் பாதிக்கும் கீழ் பாதிக்கும் நடுவுல சொருகியிருக்கான். இன்னைக்கு யூட்யூப்ல 'ப்ரோ டிப்'னு போடுவாங்களே, அதை 1966-ல யாரும் சொல்லிக் கொடுக்காம யோசிச்சிருக்கான்.

அஞ்சு நாள் நான் கீழ் வீட்டுப் பக்கமே போகலை. மாடிப்படியில அவர் குரல் கேட்டா லிஃப்ட்ல போனேன். சரி, பழைய மாதிரியே ஒட்டிடலாம், அதே கோணல், அதே 4, அதே 3, அவருக்குத் தெரியவே வேண்டாம்னு ஒரு பிளான். அம்மாகிட்ட போன்ல சொன்னேன். "பொம்மைக் காருக்கு ஏன்டா இப்படி மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க? போயி சொல்லிடு, அவர் என்ன அடிக்கவா போறார்?"ன்னாங்க. அம்மாவுக்கு எல்லாமே சிம்பிள்.

ஆறாவது நாள் துண்டுகளை ஒரு டிஷ்யூல வெச்சு எடுத்துட்டுப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் ஒண்ணுமே பேசலை. குண்டூசியை எடுத்துப் பார்த்தார். அவங்க அம்மாவோட தையல் டப்பாவுல இருந்து எடுத்ததாம், அதுக்குத் திட்டு வாங்கினாராம். கறுப்பு பெயின்ட் அடிச்சது அவரோட அண்ணனாம், அதுக்கு இன்னும் மன்னிக்கலையாம்.

நான் சொன்னேன், "கவலைப்படாதீங்க, நீங்க வெட்டின மாதிரியே, அந்தக் கோணலோடயே திரும்ப ஒட்டித் தர்றேன், அதுதான் உங்களோட ஒரிஜினல்"னு. ரொம்ப உருக்கமா சொன்னேன், உள்ளுக்குள்ள எனக்கே பெருமையா இருந்துச்சு.

அவர் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "எவ்வளவு கோணல்?" "1 மில்லிமீட்டர்." "1/25-ல அது எவ்வளவு?" "ஒரு இன்ச்." "ஒரு பக்கம் ஒரு இன்ச் தூக்கி நிக்கிற காரை நான் ஷாப்பை விட்டு வெளிய அனுப்பியிருப்பேன்னு நினைக்கிறியா?"

(சிரிப்பு) அவ்வளவுதான். நான் அதை மியூசியம் பொருள் மாதிரி பார்த்துட்டு இருந்தேன். அவருக்கு அது முடிக்காம விட்ட வேலை. 13 வயசுல பண்ணின தப்பை அவர் இத்தனை வருஷமா பார்த்துட்டே இருந்திருக்கார், தொழில் கத்துக்கிட்டதுக்கு அப்புறம் அது கண்ணை இன்னும் உறுத்தியிருக்கு. சரி பண்ணலாம்னு நினைச்ச காலத்துல நேரம் இல்லை. நேரம் வந்தப்போ கை நடுங்குது.

அன்னையில இருந்து வேலை அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில. அவர் சொல்வார், நான் செய்வேன். அவரோட பழைய வெர்னியர் காலிப்பர், உயரம் குறிக்கிற கருவி எல்லாம் பரண்ல இருந்து இறங்குச்சு. பாடியைக் கையில பிடிச்சு அளக்கக் கூடாது, சமமான கண்ணாடித் தகட்டுல வெச்சு, அங்க இருந்துதான் உயரம் எடுக்கணும். முதல் பாடமே அது. கூரையைக் குறுக்கால ரெண்டா வெட்டச் சொன்னார். எனக்கு உயிரே போச்சு. நடுவுல மெல்லிய பிளாஸ்டிக் பட்டையைச் சொருகி நீளத்தைக் கூட்டினோம், அப்பதான் முன் தூணும் பின் பக்கமும் ஒரே நேரத்துல உக்காரும். குண்டூசிக்குப் பதிலா 0.5 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி. டிரில் பண்ண மோட்டார் வேண்டாம், சூட்டுல பிளாஸ்டிக் உருகும், கையால திருகுற பின் வைஸ் போதும்னார். இடைவெளியை அடைக்க, கிட்டுல மிச்சமாகிற பிளாஸ்டிக் குச்சியைப் பசையில கரைச்சு ஒரு கூழ் பண்ணினோம். ட்யூப் பட்டி காயக் காயச் சுருங்கி பள்ளம் விழும். இதுவும் சுருங்கும்தான், ஆனா காஞ்சா அதே பிளாஸ்டிக்கா மாறிடும், தேய்க்கும்போது ஒரே கடினமா இருக்கும். ஒரு வாரம் காயவிட்டு, வாட்டர் பேப்பர்ல 400, 600, 1000-னு தேய்ச்சேன். விரல் ரேகை போச்சு, ஆபீஸ்ல லேப்டாப் என்னை அடையாளமே கண்டுபிடிக்கலை.

ஒரே ஒரு கோடு மட்டும் அவரே போட்டார். கடைசித் தூணோட வெட்டுக் கோடு. மணிக்கட்டை மேஜையில அழுத்தி, முழங்கையை விலாவோட ஒட்டி, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, பென்சிலை அசைக்காம இன்னொரு கையால பாடியை இழுத்தார். நேரா வந்துச்சு. நான் போட்ட மூணை விட நேரா.

பெயின்ட் அடிக்கிறது இன்னொரு கூத்து. மிச்சிகன் ஜனவரியில வெளிய மைனஸ் 10. ஸ்ப்ரே குளிர்ல சரியா தூவாது. கேனை வெதுவெதுப்பான தண்ணியில வெச்சு (கொதிக்கிற தண்ணி கூடவே கூடாது, வெடிக்கும்), பாடியை வீட்டுச் சூட்டுலயே வெச்சிருந்து, கராஜுக்கு ஓடி, மாஸ்க் போட்டுக்கிட்டு பத்து செகண்ட் அடிச்சு, திரும்ப உள்ள ஓடி வரணும். லாக்கர் ப்ரைமர் சில பிளாஸ்டிக்கை அரிச்சு, வறண்ட ஏரி மாதிரி வெடிப்பு விட வைக்கும்னு தெரிஞ்சதால முதல்ல பழைய சீட்டோட அடிப்பக்கத்துல அடிச்சுப் பார்த்தேன். வெடிச்சுது. மாடலுக்குன்னே விக்கிற மென்மையான ப்ரைமருக்கு மாறினேன். மேல வெளிர் பச்சை, கீழ அடர் பச்சை. வேற கலர் பேச்சே வரலை.

ஜன்னல் ஓரக் கோடுகளுக்கு மெல்லிசான ஒட்டுற அலுமினியத் தகடு. பம்பருக்கு பளபள கறுப்பு அடிச்சு அதுக்கு மேல க்ரோம் இங்க். புதுக் கண்ணாடியை வெள்ளைப் பசையால ஒட்டினேன். சூப்பர் க்ளூ வெச்சா அதோட ஆவி பட்டு கண்ணாடி பனி மூடின மாதிரி ஆயிடும்.

அப்புறம் இன்ஜின். இங்கதான் நான் கொஞ்சம் ஓவரா போயிட்டேன். நிஜ வண்டியில இருக்கிறது 255 கன இன்ச், நம்ம கணக்குல கிட்டத்தட்ட 4.2 லிட்டர், ஃப்ளாட்ஹெட் வி8. கிட்டுல அது வெறும் கட்டை மாதிரி இருக்கும், ஒயர் எதுவும் இருக்காது. டிஸ்ட்ரிப்யூட்டர்ல எட்டு ஓட்டை போட்டு, எட்டு ப்ளக் ஒயரையும் நிஜ ஃபயரிங் ஆர்டர்ல இழுக்கணும்னு எனக்கு ஆசை. 1, 5, 4, 8, 6, 3, 7, 2. நிஜ ஒயர் 8 மில்லிமீட்டர்னா இதுல 0.3 வரணும். கையில இருந்தது 0.5. பரவாயில்லைன்னு போட்டுட்டேன். யாரும் பார்க்கப் போறதில்லைன்னு சொல்லலை, எல்லாரும் பார்க்கணும்னுதான் போட்டேன்.

பிப்ரவரி 26, எனக்கு ஃப்ளைட் 28. கீழ் வீட்டு மேஜையில எல்லாத்தையும் சேர்த்தோம். கண்ணாடித் தகட்டுல வெச்சு காலிப்பர்ல அளந்தார். இடது 4.0, வலது 4.0. ரெண்டு தடவை அளந்தார். அப்புறம் தலையை மட்டும் ஆட்டினார். அடிச்சட்டத்துக்குக் கீழ, அவர் சின்ன வயசுல பசையில பதிச்ச ஒரு கட்டைவிரல் ரேகை அப்படியே இருக்கு. அதைத் தேய்க்கச் சொல்லியிருந்தார். நான் தேய்க்கலை. திருப்பிப் பார்த்தா தெரியும், இதுவரைக்கும் எதுவும் சொல்லலை.

பானெட்டை வெச்சேன். மூடலை. என் ஒயர் தடுக்குது. அழுத்தினா பெயின்ட் போயிடும். ஒயரைப் பிடுங்கி மாத்த ரெண்டு நாள் வேணும், எனக்கு இருந்தது ஒரு ராத்திரி, அதுலயும் பெட்டி கட்டணும்.

அவர் குனிஞ்சு இடைவெளியைப் பார்த்தார். "எவ்வளவு?"ன்னார்.

"1 மில்லிமீட்டர்."

"அதாவது?"

"ஒரு இன்ச்."

எழுந்து போயி ஒரு டூத்பிக் எடுத்துட்டு வந்து, பானெட்டைத் தூக்கி முட்டுக் கொடுத்து நிறுத்தினார். போன வாரம் போட்டோ அனுப்பியிருந்தார், டிவி பக்கத்துல இருக்கு. டூத்பிக்குக்கும் அடர் பச்சை அடிச்சிருக்கார். கொஞ்சம் வழிஞ்சிருக்கு. நான் இங்க சென்னையில 0.3 ஒயர் தேடிட்டு இருக்கேன், ரிச்சி ஸ்ட்ரீட்ல எந்தக் கடையில கிடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம், வர்றேன்.